எதிர்வீட்டு வரலாறு

டீச்சர் செய்தது ஒன்றே ஒன்றுதான். வீடு மாறினார். ஊர் விட்டு ஊர் போகவில்லை, தெரு விட்டுத் தெருகூடப் போகவில்லை. சாலையின் இந்தப் பக்கத்து மாடியில் இருந்தவர் அந்தப் பக்கத்துக் கீழ்வீட்டுக்கு வந்தார். பழைய வீட்டில் தும்மினால் புது வீட்டில் கேட்கும், அவ்வளவுதான் தூரம். இதற்குப் போய் ஒரு மனுஷிக்கு இருபது வருஷத்து நல்ல பெயர் போகுமா என்று கேட்பீர்கள். போகும். கார் இன்சூரன்ஸ் கம்பெனி என்று ஒன்று பிறகு எதற்கு இருக்கிறது?

வீடு மாறக் காரணம் அம்மாவின் முழங்கால். ஒவ்வொரு தடவை மாடிப்படி ஏறும்போதும் அம்மா, "என்னை ஒரேயடியா மேல அனுப்பிடறதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். எதிர்க் கீழ்வீட்டில் இருந்த பல் டாக்டருக்கோ மாடி வேண்டியிருந்தது. அவர் காரில் வீடு திரும்பினால் கூடத்துச் சுவரைத் தொட்ட பிறகுதான் வண்டி நிற்கும். காரால் மாடிப்படி ஏற முடியாது என்பதை அவர் மனைவி யோசித்துக் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுக் கட்டில்களும் நடுரோட்டில் ஒன்றையொன்று கடந்து போயின. இரண்டு குடும்பத்துக்கும் சந்தோஷம்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒரே கார், ஒரே ஆசிரியை, வாசலில் ஒரு தகரப் பலகை, அதுதான் பள்ளி. அந்தக் காரில் ஓட்டுபவரின் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் டீச்சரின் காலடியில் இன்னொரு பிரேக். வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்பவர்கள், பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு அழுபவர்கள், ஓடுகிற காரிலிருந்து கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போன ஒரு வங்கி அதிகாரி, இத்தனை பேரையும் கரைசேர்த்தது அந்த இரண்டாவது பிரேக்தான். இருபது வருஷத்தில் காரில் ஒரு கீறல் கிடையாது. இதை டீச்சர் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. கார் கழுவும்போது மட்டும் வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வார்.

புது முகவரியைச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனார். ஆபீஸ் வாசலில் சிமெண்டில் செய்த இரண்டு பெரிய கைகள் உண்டு. அந்தக் கைகளின் நடுவே ஒரு குட்டிக் கார், அதுவும் சிமெண்ட். உங்கள் காரை நாங்கள் தாங்குகிறோம் என்று அர்த்தமாம். உள்ளே தூசி படிந்த பிளாஸ்டிக் செடி, சங்கிலி போட்டுக் கட்டிய பேனா, முன்மேசையில் ஒரு பெண்.

"முகவரி மாத்தணும்மா" என்றார் டீச்சர்.

அந்தப் பெண் சிரித்த முகமாகத் தட்டெழுதினாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். சிரிப்பு போயிற்று. நாற்காலியை மெல்லப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

"மேடம், நீங்க சிவப்புல இருக்கீங்க."

"என்னதும்மா சிவப்பு?"

"அபாயமான ஓட்டுநர். பேக்கரிக்குள்ள காரை விட்டிருக்கீங்க. குளத்துல இறக்கியிருக்கீங்க. நின்னுட்டிருந்த ஆம்புலன்ஸ் மேல மோதியிருக்கீங்க. அதுல உங்களையே ஏத்திட்டும் போயிருக்காங்க."

"ஐயோ, அதெல்லாம் எதிர்வீட்டுப் பல் டாக்டரும்மா! அவரும் இங்கதான் பாலிசி எடுத்திருக்கார், பாரு!"

"யாரா இருந்தா என்ன மேடம்? நீங்க இப்ப இருக்கற வீடு அதுதானே?"

டீச்சருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. உங்களுக்கும் பிடிக்கும். கம்பெனி புதிதாக ஒரு விதி கொண்டுவந்திருந்தது. வரலாறு மனிதருக்குச் சொந்தமில்லை, முகவரிக்குச் சொந்தம். யார் எந்த வீட்டுக்குக் குடிபோகிறாரோ, அந்த வீட்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் விபத்துகளும் அவருடையவை. டீச்சருடைய இருபது வருஷம் மாடிவீட்டிலேயே தங்கிவிட்டது. பல் டாக்டருடைய பேக்கரியும் குளமும் கீழ்வீட்டில் டீச்சருக்காகக் காத்துக்கொண்டிருந்தன. புதுப் பிரீமியம் அந்தக் காரின் விலையையே எட்டிப்பார்த்தது. அதைக் கட்டினாலும் போதாது. சிவப்பில் இருப்பவர் காரை ஓட்டக் கூடாது, யாருக்கும் கற்றுக்கொடுக்கவும் கூடாது. டீச்சரிடம் பயிலும் தையல்காரிக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லைசென்ஸ் சோதனை. ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றுவிட்டு, இந்தத் தடவையும் போனால் மிஷினைத் தவிர வேறு எதையும் மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டிருந்தாள். கார் தெருவில் இறங்காவிட்டால் அவளுக்குச் சோதனை இல்லை, டீச்சருக்குப் பள்ளி இல்லை.

டீச்சர் நேரே மேலாளர் அறைக்குப் போனார்.

மேலாளர் நல்ல மனுஷர். கோபப்படவே மாட்டார். அவரிடம் பேசுகிறவர்களுக்குத்தான் கோபம் வரும்.

"உக்காருங்க மேடம். மனுஷன் இருக்கானே, இன்னிக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. வீடு அப்படியா? அசையாம நிக்குது. அசையாம நிக்கறதைத்தான் நம்ப முடியும். எங்க புள்ளிவிவரமும் அதைத்தான் சொல்லுது."

"புள்ளிவிவரம் யார் எடுத்தது சார்?"

"நாங்கதான்."

"பல் டாக்டர் பேக்கரிக்குள்ள போனதுக்கு வீடு என்ன சார் பண்ணும்?"

"அந்த வீட்டுல இருந்துதானே கிளம்பினார்? வேற வீட்டுல இருந்து கிளம்பியிருந்தா போயிருக்க மாட்டாரு. போயிருப்பாருன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

டீச்சரால் நிரூபிக்க முடியவில்லை. "நீங்க வீடு மாறினதே இல்லையா சார்?" என்று மட்டும் கேட்டார்.

மேலாளர் முகம் மலர்ந்துவிட்டது. "நிறைய தடவை மாறியிருக்கேன். ஆனா நான் உஷார். எந்த வீட்டுக்குப் போனாலும் லைசென்ஸ்ல ஆபீஸ் முகவரிதான். இந்த ஆபீஸ் சுத்தப் பச்சை மேடம், ஒரு விபத்து கிடையாது. எங்க ஸ்டாஃப் அத்தனை பேருக்கும் இதே முகவரியைக் குடுத்துட்டோம். அதனால பாருங்க, எங்க ஆளுங்க மாதிரி நல்லா ஓட்டறவங்க இந்த ஊர்லயே கிடையாது."

இப்படிச் சொல்லிவிட்டு, டீச்சர் பச்சைக்கு வர மூன்று படிகள் உண்டு என்று விளக்கினார். முதலில் வருத்த நேர்காணல். பிறகு திருந்தல் வகுப்பு. கடைசியில் மேலாளரே வந்து சோதிப்பார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "விடுடி. போய் ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டுட்டு வா. காசா பணமா?"

"செய்யாததுக்கு எப்படிம்மா அழறது?"

"கல்யாண வீட்ல எல்லாம் அழறியே, அப்படித்தான்."

வருத்த நேர்காணலில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். மூவருக்கும் முன்னால் மூடிவைத்த தண்ணீர் டம்ளர்.

"குளத்துக்குள்ள ஏன் போனீங்க?" என்றார் முதலாமவர்.

"நான் போகல சார்."

"மறுக்கிறார்னு எழுதுங்க. பேக்கரியில அந்த நேரத்துல பன் வாங்கிட்டிருந்தவங்களைப் பத்தி எப்பவாவது நினைச்சுப் பாத்தீங்களா?"

"அங்க பன் வாங்கிட்டிருந்ததே எங்க அம்மாதான் சார்."

"சொந்தத் தாய்!" என்று இரண்டாமவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூன்றாமவர் தண்ணீர் குடித்தார்.

ஒரு மணி நேரம் ஆகியும் டீச்சருக்கு அழுகை வரவில்லை. அப்போது பக்கத்து அரங்கிலிருந்து கைதட்டல் கேட்டது. கண்ணாடித் தடுப்பு வழியாக எட்டிப்பார்த்தார். மேடையில் பல் டாக்டர். 'இருபது ஆண்டு மாசற்ற ஓட்டுநர்' என்று பொறித்த கேடயத்தை மேலாளர் அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் கூச்சத்தில் நெளிந்துகொண்டே ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நான் என்னங்க சொல்றது? உண்மையைச் சொன்னா, நான் ரோட்டை அவ்வளவா பாக்கறதே இல்லை. பாத்தா பயம் வந்துடுது."

"ஆகா, என்ன தன்னடக்கம்!" என்றார் மேலாளர். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

டீச்சர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். எத்தனை வெயில், எத்தனை மழை, எத்தனை பேருடைய நடுக்கம், எத்தனை தடவை கடைசி நொடியில் மிதித்த பிரேக். அத்தனையும் அங்கே இன்னொருவர் கக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"வருந்திவிட்டார்னு எழுதுங்க" என்றார் முதலாமவர் திருப்தியாக.

விழா முடிந்து கிளம்பிய பல் டாக்டர், தெருமுனையில் விளக்குக் கம்பத்தில் காரை முட்டினார். கம்பெனி உடனே ஆள் அனுப்பி விசாரித்தது. பச்சை முகவரிக்காரர் மோத வாய்ப்பே இல்லை என்பதால், கம்பம்தான் வந்து மோதியிருக்க வேண்டும் என்று அறிக்கை வந்தது. மறுநாள் ஒரு மதில் வந்து மோதியது. அதற்கு மறுநாள் ஒரு பூந்தொட்டி. தன் இருபது வருஷத்தின் தைரியத்தில் அந்த மனுஷர் இப்படிச் சுற்றுவதை ஜன்னல் வழியே பார்க்கப் பார்க்க டீச்சருக்கு வயிறு எரிந்தது. பல் டாக்டருக்கும் உறுத்தல்தான். ஒரு நாள் கேடயத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார்.

"டீச்சர், இது உங்களுது. எனக்கு இதைப் பாத்தா தூக்கமே வரல."

டீச்சர் வாங்கக் கை நீட்டுவதற்குள் அவரே பின்வாங்கினார். "ஆனா கம்பெனியில சொல்லியிருக்காங்க, முகவரியை விட்டு இதை வெளிய எடுத்தா குத்தமாம். பாத்துட்டு தந்துடறீங்களா?"

"பாத்துட்டோம், எடுத்துட்டுப் போங்க" என்றார் அம்மா.

திருந்தல் வகுப்புக்குப் பெயர் கொடுக்க டீச்சர் மறுபடி முன்மேசைக்குப் போனார். கம்பெனி அங்கீகரித்த பள்ளியில்தான் திருந்த வேண்டும். அந்தப் பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தாள்.

"இந்த ஊர்ல ஒரே ஒரு பள்ளிதான் மேடம் இருக்கு. ரொம்ப நல்ல பள்ளியாம். இருபது வருஷமா ஒரு கீறல்கூட இல்லையாம்."

"அது என்னோட பள்ளிம்மா."

"அப்ப வசதியாப் போச்சு. பீஸைக் குறைச்சுக்குவாங்க."

"ஆனா நான் சிவப்பு. நான் யாருக்கும் கத்துக்குடுக்கக் கூடாதே?"

அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "வண்டி நகராம இருந்தா கத்துக்குடுக்கலாமாம். கத்துக்கறவங்க புகார் எதுவும் பண்ணக் கூடாது, அவ்வளவுதான்."

டீச்சர் வீட்டு வாசலில் நின்ற காரில் ஏறினார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "கண்ணாடியைச் சரி பண்ணுங்க" என்றார். இறங்கி, சுற்றி வந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தார். மறுபடி இறங்கிச் சுற்றி வந்து, "நல்லது, இப்ப கிளட்ச்" என்றார். வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா கண்கொட்டாமல் பார்த்தார்.

வழியில் வந்த தையல்காரியும் நின்றாள். "யார்கிட்டக்கா பேசிட்டிருக்கீங்க?"

"மாணவிகிட்ட."

"எப்படி, தேறுவாங்களா?"

"கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்."

தையல்காரி சிரிக்கவில்லை. ஜன்னல் ஓரமாகக் குனிந்தாள். "அக்கா, நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை. நான் பாஸ் ஆகறது இருக்கட்டும். உங்களை இப்படி உக்காத்தி வெச்சிருக்காங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

டீச்சர் கையை நீட்டிப் பின்கதவின் பூட்டை விடுவித்தார். "நாளைக்கு மேலாளர் வரார். நீ சாட்சிக்குப் பின்னாடி உக்காரு" என்றார்.

வியாழக்கிழமை மேலாளர் டை கட்டிக்கொண்டு வந்தார். ஆபீஸ் கார் அவரை இறக்கிவிட்டுப் போயிற்று. அவருக்கு எப்போதும் வேறொருவர்தான் ஓட்டுவார் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. டீச்சரின் காரில் ஓட்டுநர் இருக்கையில் அவரே ஏறினார்.

"இதுதான் மேடம் சோதனை. பச்சை ஆள் ஒருத்தர் ஓட்டும்போது சிவப்பு ஆள் பக்கத்துல அமைதியா உக்காரணும். விதி எட்டு. வண்டியில எதையும் தொடக் கூடாது. கையாலும், காலாலும். தொட்டீங்கன்னா மறுபடி முதல்ல இருந்து."

"சார், என் காலடியில ஒரு பிரேக் இருக்கு."

"அதைத்தான் முக்கியமா தொடக் கூடாது."

கார் மூன்றாவது கியரில் கிளம்பியது. அதாவது கிளம்பவில்லை, துள்ளியது. டீச்சரின் கால் தன்னாலேயே பிரேக்குக்குப் போயிற்று.

"காலு!" என்று கத்தினார் மேலாளர்.

டீச்சர் பட்டென்று காலை எடுத்தார். அந்தக் காலை இனி நம்ப முடியாது என்று அவருக்கே தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் இருக்கைமேல் மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். வழியில் ஒரு சைக்கிள்காரர் சாக்கடைக்குள் குதித்துத் தப்பினார். பேக்கரி முதலாளி காரை அடையாளம் தெரியாமலேயே பழக்கத்தில் ஷட்டரை இறக்கினார். பின்னாலிருந்து தையல்காரி, "அக்கா, நான்கூட இப்படி ஓட்டினதில்லையேக்கா" என்று முனகினாள்.

கார் ஆபீஸ் வளாகத்துக்குள் திரும்பியது. நேரெதிரே சிமெண்ட் கைகள்.

"சார், கை வருது."

"தெரியுது."

"பிரேக் போடட்டுமா சார்?"

"விதி எட்டு!"

"நீங்களாவது போடுங்க சார்!"

"எது? எது பிரேக்?"

"நடுவுல இருக்கறது சார்!"

மேலாளர் குனிந்து பார்த்தார். பார்ப்பதற்காக ஸ்டியரிங்கையும் விட்டார். டீச்சர் மடித்த கால்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேகமாகக்கூட இல்லை, ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி கார் மெதுவாகப் போய்க் கைகளில் மோதியது. கைகள் விரிசல் விட்டன. நடுவிலிருந்த சிமெண்ட் கார் உருண்டு வந்து முன்பக்கத்துத் தகட்டின்மேல் உட்கார்ந்தது.

டீச்சர் இறங்கிப் போய்ப் பார்த்தார். நீளமாக ஒரு கீறல், ஒரு பள்ளம். அதை விரலால் தடவிப் பார்த்தார். இருபது வருஷத்தில் முதல் தடவை. இந்தத் தடவை யாரும் கேட்காமலேயே அழுகை வந்தது. தையல்காரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபீசே வெளியே வந்துவிட்டது. முன்மேசைப் பெண் கையடக்கக் கம்ப்யூட்டரோடு ஓடிவந்தாள். விபத்து என்றால் அந்த இடத்திலேயே பதிய வேண்டும், அது கம்பெனியின் பெருமை.

"அந்தம்மா பேர்ல போடு!" என்றார் மேலாளர் மூச்சிரைக்க. "அவங்கதான் சிவப்பு!"

"அவங்க எதையும் தொடல சார்" என்றாள் தையல்காரி. "சம்மணம் போட்டு உக்காந்திருந்தாங்க. செருப்பு இன்னும் கீழதான் கிடக்கு, பாருங்க."

எல்லாரும் எட்டிப்பார்த்தார்கள். செருப்பு கிடந்தது.

"அப்ப கை வந்து மோதிச்சுன்னு எழுது. நான் பச்சை. நான் மோத வாய்ப்பே இல்லை."

முன்மேசைப் பெண் தட்டப் போனவள் நிறுத்தினாள். "கை நம்ம ஆபீஸ் கை சார். முகவரி கேக்குது. என்ன போடட்டும்?"

மேலாளருக்கு வியர்த்தது. "சரி, என் பேர்லயே போட்டுத் தொலை."

"உங்க லைசென்ஸ்லயும் இதே முகவரிதான் சார் இருக்கு. யார் மேல போட்டாலும் முகவரி ஒண்ணுதான்."

அவள் தட்டினாள். கம்ப்யூட்டர் ஒரு தடவை கிணுகிணுத்தது. வருத்த நேர்காணல் நடத்திய மூவரும் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். சிவப்பு. கணக்குப் பிரிவு, கேன்டீன், காவலாளி, எல்லாரும் சிவப்பு. ஆபீஸ் கார்கள் அத்தனையும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. இனி வீட்டுக்குப் போவதென்றால் நடந்துதான் போக வேண்டும். பச்சைக்கு வர முதலில் வருத்த நேர்காணல் வேண்டும். நேர்காணல் நடத்த வேண்டியவர்களும் சிவப்பு என்பதால் அதுவும் நடக்காது. ஊழியர்கள் எல்லாரும் மேலாளரைப் பார்த்த பார்வையில் அவர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

தலைமை அலுவலகத்துக்கு யாரோ போன் போட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சுற்றறிக்கை வந்துவிட்டது. நீண்ட கால ஆராய்ச்சிக்குப் பிறகு கம்பெனி ஓர் உண்மையைக் கண்டறிந்திருக்கிறதாம். வீடு கார் ஓட்டுவதில்லை, மனிதர்தான் ஓட்டுகிறார். ஆகவே அவரவர் வரலாறு அவரவருக்கே. இப்படி ஒரு புரட்சிகரமான சிந்தனையை உலகுக்கு வழங்குவதில் கம்பெனி பெருமைப்படுகிறது.

முன்மேசைப் பெண் டீச்சரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். பச்சை. இருபது வருஷமும் ஒன்று குறையாமல் அங்கே இருந்தன. ஊழியர்கள் எல்லாரும் அவரவர் பச்சைக்குத் திரும்பினார்கள். பல் டாக்டருக்குப் பேக்கரியும் குளமும் வீடு தேடி வந்து சேர்ந்தன. கேடயத்தை அவர் அன்று சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கினார். புது விதியால் தூக்கம் போனது ஒரே ஒருவருக்குத்தான்: சிமெண்ட் கைகளில் மோதியது மேலாளர் பேரிலேயே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை, பள்ளம் விழுந்த காரிலேயே தையல்காரி சோதனைக்குப் போனாள், தேறினாள். சோதித்தவர் காரின் முகத்தைப் பார்த்து, "இது யார் வேலை?" என்று கேட்க, "பெரிய எடத்து வேலைங்க" என்றாளாம்.

திங்கட்கிழமை காலை டீச்சர் வீட்டு வாசலில் மேலாளர் நின்றார். டை இல்லை. பச்சைக்கு வர அவருக்குத் திருந்தல் வகுப்பு, ஊரில் இருப்பதோ ஒரே பள்ளி. அம்மா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "அடியே, உன் வாயாடி மாணவி போய் நல்ல மாணவர் வந்திருக்கார்" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

டீச்சர் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. கண்ணாடி, கிளட்ச், கியர், பிரேக் என்று எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்கிற மாதிரியே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பச்சை ஆசிரியை பக்கத்தில் இருந்தால் திருந்த வருகிறவர் ஓட்டலாமாம், அதனால் கார் தெருவில் இறங்கியது. தெருமுனை வரைக்கும் ஒழுங்காகவே போயிற்று. அங்கே பழைய விளக்குக் கம்பம், பல் டாக்டர் புண்ணியத்தில் ஏற்கெனவே கொஞ்சம் சாய்ந்து நின்றது. கார் அதைப் பார்த்துத் திரும்பியது. மேலாளருக்குக் காலும் வரவில்லை, கையும் வரவில்லை.

"மேடம், பிரேக்! உங்க பிரேக்கைப் போடுங்க!"

டீச்சரின் கால் பிரேக்குக்கு மேலேயே தயாராக இருந்தது. "போடறேன் சார். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கம்பம் நம்மகிட்ட வருதா, நாம கம்பத்துகிட்ட போறோமா?"

"நாமதான்! நாமதான் மேடம் போறோம்!"

டீச்சர் பிரேக்கை மிதித்தார்.